மானைக் கலைக்காமல், பறவையைக் கிளப்பாமல்: சேலத்திலிருந்து கோடியக்கரை போய்வர முழுமையான வழிகாட்டி

முதல் தடவை கோடியக்கரை போய் வந்த மூன்றாம் நாள், சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு டிவி அலமாரியிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பியது. எலி செத்திருக்கும் என்றாள் அம்மா. சோபாவை நகர்த்தினோம், அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. கடைசியில் பார்த்தால், கடற்கரையில் பொறுக்கிக்கொண்டு வந்து நான் வரிசையாக அடுக்கியிருந்த சங்குகளில் ஒன்று. உள்ளே ஒரு நண்டு. யாரோ விட்டுப்போன சங்கைத் தேடிப் பிடித்து அதற்குள் குடியிருக்கும் வகை அது. நான் கையில் எடுத்தபோது பயந்து உள்ளே சுருண்டுகொண்டிருக்கிறது. காலிச் சங்கு என்று நினைத்துப் பையில் போட்டுவிட்டேன். 300 கிலோமீட்டருக்கு மேல் வேனில் வந்து, டிவிக்குப் பக்கத்தில் காய்ந்து செத்திருக்கிறது.

அந்தப் பயணமே அப்படித்தான். சொந்தக்காரர்கள் பதினான்கு பேர், ஒரு வேன், ஒரு புளூடூத் ஸ்பீக்கர். காட்டுக்குள் நுழைந்தபோது மதியம் பன்னிரண்டரை. மான் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. "இதுக்கா இவ்வளவு தூரம்? ஏற்காட்டுக்கே போயிருக்கலாம்" என்றார் சித்தப்பா. குறை காட்டில் இல்லை என்று புரிய எனக்கு இன்னும் இரண்டு பயணங்கள் தேவைப்பட்டன. அதற்குப் பிறகும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். நான் தப்பாகச் செய்ததையும் பிறகு திருத்திக்கொண்டதையும் சேர்த்து எழுதியதுதான் இந்த வழிகாட்டி. சேலத்துக்காரர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன், மற்றவர்கள் புறப்படும் ஊரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

என்ன இடம் அது?

தமிழ்நாட்டு வரைபடத்தில் காவிரி டெல்டாவின் தென்கிழக்கு மூலையைப் பாருங்கள். வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் கடற்கரை, ஓரிடத்தில் சட்டென்று மேற்கே மடங்கும். அந்த மூக்கு நுனிதான் கோடியக்கரை. நாகப்பட்டினம் மாவட்டம், வேதாரண்யத்துக்குத் தெற்கே பத்துப் பதினோரு கிலோமீட்டர். ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் பாக் நீரிணை.

1967-இல் வெளிமான்களுக்காகச் சரணாலயமாக அறிவித்தார்கள். கடலோரத்தில் புல்வெளி, அதை ஒட்டி வறண்ட பசுமைமாறாக் காடு, அதற்கு மேற்கே பரந்து கிடக்கும் உப்புச் சதுப்பு, அதையும் தாண்டி முத்துப்பேட்டை அலையாத்திக் காடு என்று நான்கு விதமான நிலம் அடுத்தடுத்து வரும். இந்தச் சதுப்பு வளாகத்துக்கு 2002-இல் ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்புநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. பரப்பு 38,500 ஹெக்டேர். தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலம் இதுதான். அடுத்தது வர 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், முதலில் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். சேர்வராயன் மலையில் சில்வர் ஓக் மரங்களை அண்ணாந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது காடாகவே தோன்றாது. மரங்கள் குட்டை. கடற்காற்று தலையைச் சீவிவிட்ட மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். பாலை, நாவல், உகா எல்லாம் பின்னிப் பிணைந்து நிற்கும். அதற்குள்ளே ராமர் பாதம் என்று ஒரு மணல்மேடு இருக்கிறது. அதுதான் அந்தப் பகுதியிலேயே உயரமான இடம். எவ்வளவு உயரம் தெரியுமா? சுமார் 4 மீட்டர். ஏற்காடு 1500 மீட்டர். மேட்டின் மேல் ஏறி நின்று சுற்றிப் பார்த்துவிட்டு நாங்கள் சிரித்தோம். ஆனால் புயல் நாளில் அந்த 4 மீட்டர் எவ்வளவு பெரியது என்று அங்கிருப்பவர்களைக் கேட்டால் தெரியும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில்தான் கரையேறியது. மரங்கள் முறிந்தன, மான்கள் செத்தன. 2004 சுனாமியில் சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் மிச்சமும் போயிற்று.

நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. சேர்வராயன் மலைப்பக்கம் பிறந்து சேலம் நகரத்தின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறு, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு சேருகிறது. மேட்டூர் அணை நம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே திறக்கும் தண்ணீர் டெல்டாவில் கிளை கிளையாகப் பிரிந்து, கடைமடையில் மிச்சம் இருந்தால் அந்தச் சதுப்புக்குப் போகும். உப்பும் நன்னீரும் சரியான அளவில் கலந்தால்தான் சேற்றில் புழு பூச்சி பெருகும். புழு இருந்தால்தான் பறவை வரும். ஆக கோடியக்கரையை நம் ஆற்றின் வால் என்று சொன்னால் தப்பில்லை.

அப்புறம் உப்பு. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தே போய் உப்பெடுத்த ராஜாஜி, சேலத்தில் வக்கீலாக இருந்தவர், சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். கோடியக்கரை போகும் வழியிலேயே அகஸ்தியம்பள்ளியில் அந்த நினைவிடம் இருக்கிறது. சேலத்துக்காரர்கள் அரை மணி நேரமாவது நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.

முதல் படி: எந்த மாதம்?

பறவைகளுக்காகப் போவதென்றால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. அக்டோபரிலேயே வர ஆரம்பித்துவிடும், ஆனால் அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். மண் பாதைகள் மூழ்கிக் கிடக்கும், புயல் எச்சரிக்கை வந்தால் பயணமே போச்சு. மார்ச்சுக்குப் பிறகு சதுப்பு வற்ற ஆரம்பிக்கும். மேலே வெள்ளையாக உப்புப் படிந்து, பறவைகள் கிளம்பிவிடும். வெளிமான்கள் வருடம் முழுக்க அங்கேயேதான் இருக்கும்.

தவிர்க்க வேண்டிய நாட்கள்: தை அமாவாசை, ஆடி அமாவாசை. கோடியக்கரை ஆதி சேதுவில் நீராட ஏகப்பட்ட கூட்டம் வரும். தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்கள் தாராளமாகப் போகட்டும், அது அவர்களின் நாள். மான் பார்க்கப் போகிறவர்கள் அன்றைக்கு ஒதுங்கிக்கொள்வது இருவருக்கும் நல்லது. பொங்கல் விடுமுறையிலும் கூட்டம் இருக்கும். முடிந்தால் வார நாளில் போங்கள்.

இரண்டாம் படி: மூக்கனேரியில் ஒத்திகை

இதை யாரும் செய்ய மாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு எல்லாவற்றையும்விட இதுதான் உதவியது.

போவதற்கு முந்தைய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கு கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரைக்குப் போங்கள். பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 8 மடங்கு பெரிதாக்கும் வகை போதும். 10, 12 என்று போனால் கை நடுக்கத்தில் காட்சியும் ஆடும். கரையில் ஓரிடத்தில் உட்காருங்கள். அரை மணி நேரம் எழுந்திருக்கக் கூடாது, போனைத் தொடக் கூடாது, பேசக் கூடாது.

முதல் பத்து நிமிடம் போர் அடிக்கும். பதினைந்தாவது நிமிடத்தில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைக்கும். அப்புறம் தாழைக்கோழி ஒன்று உங்களுக்குப் பக்கத்திலேயே புல்லை விலக்கிக்கொண்டு வரும். நீங்கள் அங்கே இருப்பதை அது மறந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு மெல்ல எழுந்து, அதை நோக்கி ஓரடி ஓரடியாக நடங்கள். எந்த அடியில் தலையைத் தூக்குகிறது, எந்த அடியில் வாலை ஆட்டுகிறது, எந்த அடியில் ஓடுகிறது என்று பாருங்கள். தலை தூக்குவதுதான் எல்லை. அதற்கு மேல் போகக் கூடாது. கோடியக்கரையில் செய்ய வேண்டியது அத்தனையும் இந்த ஒன்றுதான். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரிப் பிடித்துப்போகும். என் அக்கா மகன் பெரியவர்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டான்.

மூன்றாம் படி: பையில் என்ன?

நாம் இரும்பாலை ஊர்க்காரர்கள். வீட்டில் பரண் முழுக்க எவர்சில்வர் பாத்திரம் கிடக்கிறது, கல்யாணத்துக்குக் கல்யாணம் சேர்ந்தது. அதைக் கீழே இறக்குங்கள்.

ஆளுக்கு ஒரு பெரிய தண்ணீர் பாட்டில், எவர்சில்வரில். இரண்டு தூக்கு, ஒன்றில் புளிசாதம், ஒன்றில் தயிர்சாதம். டீக்கடையில் நீட்டுவதற்கு ஆளுக்கு ஒரு டம்ளர். தட்டுவடையும் முறுக்கும் டப்பாவில். பிளாஸ்டிக் உறையில் வரும் எதையும் வீட்டிலேயே பிரித்து டப்பாவுக்கு மாற்றிவிட்டால், அந்த உறை சேலத்தைத் தாண்டாது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. சரி, நடைமுறையில் எப்படி என்று நம் எல்லோருக்கும் தெரியும். சரணாலயத்தில் பிரச்சினை வேறு. காற்று ஓயாத இடம் அது. கையை விட்டு ஒரு கவர் பறந்தால், அடுத்த நிமிடம் முள்ளில் சிக்கி நிற்கும், இல்லையென்றால் சதுப்பில் விழும். உப்பும் சோற்று வாசனையும் ஒட்டிய கவரை மானும் தின்னும், மாடும் தின்னும்.

குப்பைக்கு என்று தனியாக ஒரு மஞ்சப்பை.

உடை: மண் நிறம், காக்கி, இலைப்பச்சை. வெள்ளையும் பளிச்சென்ற சிவப்பும் வெட்டவெளியில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலேயே தெரியும். சென்ட் வேண்டாம். மல்லிகைப் பூ வைத்துக்கொள்ளலாமா என்று அத்தை கேட்டாள். வேதாரண்யம் பக்கமே முல்லைப் பூ விளையும் ஊர்தான், தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். தொப்பி, முழுக்கைச் சட்டை, சேற்றில் கழன்று போகாத செருப்பு, கொசுவுக்கு ஏதாவது ஒரு களிம்பு. ஸ்பீக்கரை வீட்டில் வைத்துவிடுங்கள். ட்ரோன் அறவே கூடாது. அனுமதியில்லாமல் சரணாலயத்தின் மேல் பறக்கவிடுவது குற்றம், பறவைக்கு அது தலைக்கு மேல் வரும் பருந்து.

நான்காம் படி: போகும் வழி

சேலம், நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், கோடியக்கரை. மொத்தம் 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பேருந்தில் திருச்சி வரை ஒன்று, அங்கிருந்து டெல்டா பக்கம் இன்னொன்று என்று மாறி மாறிப் போகலாம். அதிகாலை ஐந்து மணிக்கு சேலத்தில் ஏறினால் மாலைக்குள் வேதாரண்யம் சேர்ந்துவிடலாம்.

ரயில் பிடித்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர் பாதையை அகலப்பாதையாக்கி 2023 ஏப்ரலில் திறந்தார்கள். சேவைகள் குறைவு, அதனால் நேரத்தைப் பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள். உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே போகும் அந்தக் கடைசித் துண்டு, காரில் போனால் கிடைக்காது.

கார்தான் என்றால் நான்கு பேராவது சேர்ந்து போங்கள். ஒரே ஆள் ஒரு காரில் 600 கிலோமீட்டருக்கு மேல் டீசலை எரித்துவிட்டு, அங்கே போய்த் துணிப்பையைக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒரே நாளில் போய்வரும் திட்டத்தை மறந்துவிடுங்கள். எங்கள் வேன் பயணம் கெட்டதற்கு முதல் காரணம் அதுதான். எவ்வளவு சீக்கிரம் புறப்பட்டாலும் உச்சி வெயிலில்தான் போய்ச் சேருவீர்கள். இரண்டு இரவாவது தங்க வேண்டும்.

ஐந்தாம் படி: தங்குவதும் சீட்டும்

கோடியக்கரையிலேயே வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது. அறைகள் கொஞ்சம்தான். நாகப்பட்டினத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். கிடைக்கவில்லையென்றால் வேதாரண்யத்தில் விடுதிகள் உண்டு. சாப்பாட்டையும் வேதாரண்யத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

வாயில் எத்தனை மணிக்குத் திறக்கும், எந்தப் பாதை திறந்திருக்கிறது, வழிகாட்டி கிடைப்பாரா என்பதை முந்தைய நாளே வனச்சரக அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். மழைக்குப் பிறகு பாதைகள் மாறும். உள்ளூர் வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசில் கணக்குப் பார்க்காதீர்கள். நாம் அரை நாள் அலைந்து பார்ப்பதை அவர் அரை மணியில் காட்டிவிடுவார், அதற்குள் நாம் மிதிக்கும் புல்லும் மிச்சம்.

ஆறாம் படி: புல்வெளியில் ஒரு காலை

வெளிச்சம் வரும்போதே உள்ளே இருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மான்கள் நிழலுக்குப் போய்விடும், அப்புறம் மாலை நான்கு மணிக்குத்தான் மறுபடி வெளியே வரும்.

வண்டியில் போனால் பாதையை விட்டு இறங்கக் கூடாது. புல்வெளி வெறும் தரை மாதிரித் தெரியும், ஆனால் ஆள்காட்டியும் வானம்பாடியும் தரையிலேயே முட்டையிடும் பறவைகள். சக்கரத்துக்கு அடியில் என்ன போனது என்று தெரியவே தெரியாது. வேகம் சைக்கிள் வேகம். மான் தெரிந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டிக்குள்ளேயே இருங்கள். வண்டியை அவை ஒரு கல் மாதிரிதான் பார்க்கும். கதவைத் திறந்து இரண்டு காலில் ஒருவர் இறங்கினால்தான் கதை மாறும்.

வெளிமான் என்ற பெயரே அதன் குணம். வெட்டவெளியில் நின்று தூரத்தைப் பார்த்துத் தப்பிக்கிற மான். ஒளிந்துகொள்ளத் தெரியாது, ஓடத்தான் தெரியும். அந்த ஓட்டத்தைப் பார்க்க ஆசைப்பட்டுக் கை தட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஓடினால், மேய்ச்சல் கெடும், குட்டி பிரியும், வெயில் காலமென்றால் தண்ணீருக்கு வேறு தவிக்க வேண்டும். ஏற்கெனவே அங்கே புல்லுக்கும் தண்ணீருக்கும் போட்டி உண்டு. யாரோ எப்போதோ விட்டுப்போய்க் காட்டிலேயே பெருகிவிட்ட மட்டக்குதிரைகள் ஒரு பக்கம், புல்வெளியை மூடிக்கொண்டு வரும் சீமைக்கருவேலம் இன்னொரு பக்கம்.

எனக்குக் கிடைத்த ஒரு காலையைச் சொல்கிறேன். பனி முழுசாக விலகவில்லை. புல் நுனியெல்லாம் ஈரம். சுமார் இருநூறு அடி தூரத்தில் ஒரு ஆண் மான் நின்றது. முதுகு கிட்டத்தட்டக் கறுப்பு, வயிறு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், திருகு திருகாக மேலே போகும் கொம்பு. நாங்கள் நான்கு பேர் வண்டிக்குள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தோம். அது முகத்தை மேலே தூக்கி, கொம்பை முதுகின் மேல் சாய்த்துக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி மெதுவாக நடந்து ஒரு பெண் மானைச் சுற்றி வந்தது. அது கண்டுகொள்ளவே இல்லை, தின்றுகொண்டே இருந்தது. மறுபடி ஒரு சுற்று. நாற்பது நிமிடம் அப்படியே போயிற்று. ஒரு மான்கூட எங்கள் பக்கம் தலையைத் தூக்கவில்லை. முதல் பயணத்தில் பதினான்கு பேரும் சேர்ந்து பார்க்காததை, அன்றைக்கு எழுந்திருக்காமலே பார்த்தோம்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு இது. துரத்துவது சட்டப்படி வேட்டைக்குச் சமம், சரணாலயத்துக்குள் சீண்டுவதும் குற்றம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

ஏழாம் படி: சதுப்பில் பூநாரை

இங்கேதான் நான் பெரிய தப்புச் செய்தேன், இரண்டாவது பயணத்தில். தூரத்தில் தண்ணீரின் ஓரமாக இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. பூநாரை, அதாவது ஃபிளமிங்கோக் கூட்டம். போனில் எடுத்தால் புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாம் என்று சேற்றில் இறங்கி நடந்தேன். முதலில் தலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் மேலே எழுந்தன. நான் நிற்கவில்லை. அப்புறம் கூட்டமே என்னிடமிருந்து விலகி நடக்க ஆரம்பித்தது. அப்போதும் நிற்கவில்லை. பிறகு தண்ணீரில் தடதடவென்று ஓடி, இறக்கையை விரித்து மொத்தமும் எழுந்துவிட்டது. கறுப்பும் சிவப்புமாக வானமே நிறம் மாறியது. எனக்குப் புல்லரித்தது, வீடியோ வேறு எடுத்தேன்.

திரும்பி வந்தபோது கரையில் ஒரு வயதான வாட்சர் நின்றுகொண்டிருந்தார். திட்டவில்லை. "ஏன் தம்பி, பந்தியில உக்காந்தவன எழுப்பலாமா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, சேற்றை வடிகட்டிச் சாப்பிடுகிறது. நுண்பாசியும் பொடி இறாலும்தான் உணவு. அந்த இளஞ்சிவப்பு நிறமே சாப்பாட்டிலிருந்து வருவதுதான். இவ்வளவு சின்ன உணவில் அவ்வளவு பெரிய உடம்பு நிறைய வேண்டுமென்றால் நாள் முழுக்கத் தின்ன வேண்டும். ஒருமுறை எழுப்பினால், ஓடிப் பறக்கும் செலவும் அதற்கு, சாப்பாட்டு நேரமும் நட்டம்.

பூநாரையாவது பெரிய பறவை. அதன் காலடியில் ஓடிக்கொண்டிருக்கும் கொசு உள்ளானைப் பாருங்கள். எடை 30 கிராம்கூட வராது, ஒரு கைப்பிடி கடலைதான். சைபீரியாவின் வடகோடியிலிருந்து வந்திருக்கிறது. திரும்பிப் பறக்க வேண்டிய கொழுப்பை இங்கே சேர்த்தாக வேண்டும். நம் ஒரு செல்ஃபிக்கு அது கொடுக்கும் விலை, கண்ணுக்குத் தெரியாத விலை.

ஆகவே செய்ய வேண்டியது: கரையில் நில்லுங்கள், சேற்றில் இறங்காதீர்கள். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றால் நிறம் நன்றாகத் தெரியும். வரிசையாக நிற்காமல் ஒட்டி நில்லுங்கள், பறவைக்கு ஒரே உருவமாகத் தெரியட்டும். தலைகள் எழுந்தால் அந்த இடத்திலேயே உறைந்து நில்லுங்கள், பிறகு இரண்டடி பின்வாங்குங்கள். கவிழ்ந்த தலைகள் கவிழ்ந்தபடியே இருந்தால் நீங்கள் சரியான தூரத்தில் இருக்கிறீர்கள்.

கூழைக்கடா, கரண்டிவாயன், மஞ்சள்மூக்கு நாரை, ஆலா, விராலடிப்பான் எல்லாம் இதே இடத்தில் பார்க்கலாம். காட்டுக்குள் முனியப்பன் ஏரி என்று நன்னீர் தேங்கும் இடம் ஒன்று உண்டு. ஊருக்கு ஊர் முனியப்பனைக் கும்பிடும் சேலத்துக்காரனுக்கு அங்கேயும் ஒரு முனியப்பன் கிடைத்ததில் சந்தோஷம்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையம் மாட்டி ஆராய்கிறது. பறவையியலாளர் சாலிம் அலி வந்து வேலை செய்த இடம் இது. காலில் வளையம் உள்ள பறவையைப் பார்த்தால், எண்ணோ எழுத்தோ தெரியும்படி தூரத்திலிருந்து படம் எடுத்து அவர்களுக்கோ வனத்துறைக்கோ கொடுங்கள். வளையம் தெரிய வேண்டும் என்று பறவையைத் துரத்த வேண்டாம், அது இன்னும் மோசம்.

எட்டாம் படி: குரங்கு

ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் நாம் வளர்த்துவிட்ட பழக்கம் இது. காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, சிப்ஸ் பாக்கெட்டை நீட்டுவது. கோடியக்கரையிலும் அதே குரங்குதான், அதே பழக்கத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறது. எங்கள் வேனிலிருந்து ஒரு குரங்கு பையையே தூக்கிக்கொண்டு போனது, உள்ளே பாட்டியின் பிரஷர் மாத்திரை. உணவை வெளியில் எடுக்காதீர்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். முடிந்தது.

ஒன்பதாம் படி: கடற்கரை

ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். ஒரு குழியில் சுமார் நூறு முட்டை இருக்கும். வனத்துறை அவற்றை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. பார்க்க ஆசையென்றால் அவர்களோடு போங்கள். தனியாக டார்ச் அடித்துக்கொண்டு இரவில் கரையில் திரியக் கூடாது. வெளிச்சத்தைப் பார்த்தால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். கடலின் மினுமினுப்பை நோக்கிப் போக வேண்டிய குஞ்சு நம் போன் வெளிச்சத்தை நோக்கி வரும்.

சங்கு பொறுக்க வேண்டாம். காலியாகத் தெரிவதும் யாருக்கோ வீடு, என் டிவி அலமாரி சாட்சி. சரணாலயத்திலிருந்து எதை எடுத்து வந்தாலும் குற்றம், சில சங்கு வகைகளை வீட்டில் வைத்திருப்பதேகூடக் குற்றம்.

பத்தாம் படி: அந்த ஊர் மனிதர்கள்

மீன்பிடிக் காலத்தில் பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் மீனவர்கள் வந்து கோடியக்கரையில் தங்கித் தொழில் செய்வார்கள். படகு வரும் நேரம் வேலை நேரம். குறுக்கே நின்று படம் எடுக்காதீர்கள், முகத்தைப் படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். அந்தப் பெண்களிடம் கருவாடு வாங்குங்கள், பேரம் பேசாமல். எடுத்துப்போன டப்பாவிலேயே போட்டுக்கொள்ளலாம், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கும் உயிர் இருக்கிறது.

கையில் இன்னொரு நாள் இருந்தால் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போகலாம். அதைத் தனியாக எழுத வேண்டும்.

கடைசிப் படி: வீடு திரும்பி

பார்த்த பறவைகளின் பட்டியலை, பறவைப் பதிவுகளுக்கென்றே இருக்கும் ஈபேர்ட் செயலியில் ஏற்றிவிடுங்கள். பொங்கல் சமயத்தில் போயிருந்தால், தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் அது சேரும்.

அப்புறம் அந்த மஞ்சப்பை. அதை வேதாரண்யம் பஸ் ஸ்டாண்டுத் தொட்டியில் கவிழ்க்காமல் வீடு வரைக்கும் கொண்டு வாருங்கள். சின்ன ஊரின் குப்பைக்கிடங்கு எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், சதுப்புக்குப் பக்கத்தில்தான். போன தடவை நாங்கள் நான்கு பேர், மூன்று நாள். வந்ததும் வாசல் திண்ணையில் பையைக் கொட்டி எண்ணினோம். பஸ் டிக்கெட் பதினொன்று, பிஸ்கட் உறை மூன்று, மாத்திரை அட்டை ஒன்று, அக்கா மகன் ஒளித்துவைத்துத் தின்ற மிட்டாய்க் காகிதம் ஆறு, கடற்கரையிலிருந்து பொறுக்கிய நைலான் வலைத் துண்டு ஒரு கை அளவு. "அடுத்த தடவ பிஸ்கட்டையும் டப்பாவுல போட்டுரணும்" என்றாள் அம்மா. அவளும் வருகிறாளாம்.